காஸ்தெல்நோதாரி கசூலே: ஊறவைப்பதிலிருந்து பரிமாறுவது வரை

தெற்கு பிரான்சின் துலூஸ் நகரத்திலிருந்து கர்கசோன் கோட்டையை நோக்கி ரயிலில் போனால், வழியில் கோதுமையும் சூரியகாந்தியும் மாறி மாறி வரும் மேடுபள்ளமான நிலப்பரப்பு ஒன்று உண்டு. லோரகே என்று பெயர். எந்நேரமும் காற்றடிக்கும் மண். அதன் முக்கியமான ஊர் காஸ்தெல்நோதாரி. கசூலே என்ற பீன்ஸ் சமையலின் தாய்வீடு தாங்கள்தான் என்று இந்த ஊர்க்காரர்கள் சத்தியம் செய்வார்கள்.

கசூலே என்றதும் வாத்து, பன்றி, சாசேஜ் என்று கறிப் பட்டியலைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். பல சமையல் குறிப்புகளும் அப்படியே, அதை ஒரு கறிக்குழம்பாக நினைத்து எழுதப்பட்டவை. என் கட்சி வேறு. இது பீன்ஸ் சமையல். கறி இருப்பது பீன்ஸுக்குச் சுவையும் கொழுப்பும் பிசுபிசுப்பும் கொடுக்க. 1966-இல் கூடிய பிரெஞ்சு உணவுக்கலை மாநாடு கசூலேக்கு ஓர் இலக்கணம் வகுத்தபோதும் கறி குறைந்தது 30 விழுக்காடு இருக்க வேண்டும் என்றுதான் கேட்டது. மீதி 70 பீன்ஸும் சாறும் பன்றித்தோலும் மணப்பொருள்களும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் தானாகப் புரியும்.

ஊர்க்கதை கொஞ்சம்

நூறாண்டுப் போரில் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டபோது, மக்கள் வீட்டிலிருந்த பயறையும் கறியையும் ஒரே பாத்திரத்தில் போட்டுச் சமைத்து வீரர்களுக்கு ஊட்டினார்களாம். சாப்பிட்ட தெம்பில் எதிரியைக் கடல்வரை விரட்டினார்களாம். நல்ல கதை. ஆனால் 1355-இல் கறுப்பு இளவரசன் எட்வர்டின் படை இந்த ஊரை எரித்துவிட்டுப் போனது என்பதுதான் வரலாறு. அதைவிடப் பெரிய சிக்கல், இன்று கசூலேயில் போடும் வெள்ளை பீன்ஸ் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492-க்கு முன்னால் ஐரோப்பாவில் யாரும் அதைப் பார்த்ததே இல்லை. அப்போது ஒரு சட்டி அடுப்பில் இருந்திருந்தால் அதில் வெந்தது ஃபாவா பயறாகத்தான் இருக்கும். 16-ஆம் நூற்றாண்டில் பீன்ஸ் இங்கே வேரூன்றியதற்கு, லோரகே சீமையின் உரிமையைத் தாய்வழியில் பெற்றிருந்த அரசி கேத்தரின் தெ மெதிசியைக் காரணம் காட்டுவது ஊர் வழக்கம்.

இந்த மண்ணுக்கு அதற்கு முன் வேறொரு செல்வம் இருந்தது. பாஸ்தெல் என்ற செடியின் இலையை அரைத்து உருண்டை பிடித்து நீலச்சாயம் எடுத்தார்கள். துலூஸின் பெரிய வணிக மாளிகைகள் பல அந்தக் காசில் எழுந்தவை. பிறகு இந்தியாவிலிருந்து அவுரி நீலம் கப்பலேறி வந்தது. குறைந்த செலவில் அழுத்தமான நிறம். பாஸ்தெல் வியாபாரம் படுத்துவிட்டது. நம் பக்கத்து அவுரி அவர்கள் வயலைக் காலி செய்தது என்று சொன்னால் பெரிய மிகையில்லை. பின்னாளில் அந்த மண்ணில் கோதுமையோடு மக்காச்சோளமும் பீன்ஸும் பெருகின. மக்காச்சோளம் வாத்துக்குத் தீனியானது. கசூலேயின் பாதிச் சாமான் அப்படி வயலிலேயே வந்து சேர்ந்துவிட்டது.

யாருடைய கசூலே அசல் என்ற சண்டையையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அங்கே போனால் உங்களிடம் கட்டாயம் கேட்பார்கள். கர்கசோனில் பிறந்த சமையல் மேதை ப்ரொஸ்பர் மோந்தாஞே 1929-இல் இதைக் கிறித்தவ மும்மூர்த்திக் கணக்கில் தீர்த்துவைத்தார்: தந்தை காஸ்தெல்நோதாரி, மகன் கர்கசோன், தூய ஆவி துலூஸ். தந்தை வீட்டில் பன்றியும் வாத்தும். மகன் வீட்டில் ஆட்டுக்கறி, வேட்டைக் காலத்தில் கௌதாரி. துலூஸில் அந்நகரத்துச் சாசேஜ் தலைமை தாங்கும். இங்கே நான் எழுதுவது தந்தை வீட்டு முறை.

முதல் படி: பீன்ஸ் தேர்வு

லாங்கோ என்ற நீள உருண்டையான வெள்ளை பீன்ஸ்தான் காஸ்தெல்நோதாரி வழக்கம். அது கிடைக்காவிட்டால் பிரனே மலையடிவாரத்துத் தார்ப் பகுதியின் தார்பே பீன்ஸ். மக்காச்சோளத் தண்டில் கொடியாகப் படர விட்டு வளர்த்த இனம் அது. தோல் மெல்லியது, வேகும்போது உடையாது. 2000-இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு பெற்றது. அதனால் விலையும் அதிகம்.

இரண்டும் இல்லையென்றால் கன்னெல்லினி என்ற இத்தாலிய வெள்ளை பீன்ஸ், அல்லது நம் கடைகளில் கிடைக்கும் வெள்ளை ராஜ்மா. ராஜ்மாவும் தாவரவியல்படி இதே இனம்தான். காராமணியோ மொச்சையோ வேண்டாம். அவற்றின் சுவை வேறு, வேகும் விதமும் வேறு.

இனத்தைவிட வயது முக்கியம். புது அறுவடை இலையுதிர்காலத்தில் சந்தைக்கு வரும். அதிலிருந்து ஓராண்டுக்குள் சமைத்துவிட வேண்டும். அலமாரியில் மூன்று வருஷம் கிடந்த பீன்ஸை எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் நடுவில் சுண்ணாம்புக்கட்டிபோல ஒன்று நிற்கும்.

இரண்டாம் படி: சட்டி

கசோல் என்ற மண்சட்டியில் செய்வதால்தான் கசூலே. வாய் அகன்று, அடி குறுகி, உள்பக்கம் மட்டும் மெருகு பூசிய பாத்திரம். ஊருக்கு வடக்கே உள்ள இசேல் கிராமத்தின் களிமண்ணும் குயவர்களும் இதற்குப் பேர்போனவர்கள். வடிவம் அழகுக்காக இல்லை. அகன்ற வாய் மேலே பெரிய ஆடை கட்ட இடம் கொடுக்கிறது. குறுகிய அடி சாற்றைத் தேக்கி, கீழே உள்ள பீன்ஸ் காயாமல் பார்த்துக்கொள்கிறது. தட்டையான பேக்கிங் தட்டில் செய்தால் மேலே எல்லாம் காய்ந்து, உள்ளே பீன்ஸ் உலர்ந்துவிடும்.

வாய் அகன்ற, தடித்த, பழக்கிய மண்சட்டி போதும். ஆனால் அதைச் சூடான ஓவனில் திடீரென்று வைக்கக் கூடாது. ஓவன் குளிர்ந்திருக்கும்போதே உள்ளே வைத்துச் சேர்ந்து சூடேற விடுங்கள். இரும்புக் கனச்சட்டியும் பரவாயில்லை.

மூன்றாம் படி: வாத்துக் கோன்ஃபி

பிரான்சில் இருப்பவர்களுக்கு இது பெரிய வேலையில்லை; டின்னில் அடைத்த வாத்துக்கால் எந்தச் சூப்பர்மார்க்கெட்டிலும் இருக்கும். வீட்டில் செய்வதானால் பரிமாறும் நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்குங்கள்.

கோன்ஃபி என்பது உப்பிட்ட கறியை அதன் கொழுப்பிலேயே மெல்ல வேகவைத்து, அந்தக் கொழுப்புக்குள்ளேயே மூழ்கடித்து வைப்பது. குளிர்பெட்டி இல்லாத காலத்துப் பண்ணைவீட்டு ஏற்பாடு. குளிர்காலத்தில் வாத்தை அறுத்து, ஜாடியில் கொழுப்பால் மூடி, குளிர்ந்த நிலவறையில் வைத்து மாதக்கணக்கில் சாப்பிட்டார்கள்.

ஒரு கிலோ வாத்துக்காலுக்கு ஏறக்குறைய 20 முதல் 25 கிராம் கல்லுப்பு. கொஞ்சம் மிளகு, தைம், ஐரோப்பிய பே இலை சேர்த்துத் தடவி ஓர் இரவு குளிர்பெட்டியில் வையுங்கள். (நம் பிரிஞ்சி இலை பட்டை வாசனை அடிக்கும், அதைப் போட வேண்டாம்.) மறுநாள் உப்பைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உருக்கிய வாத்துக்கொழுப்பில் முழுவதும் மூழ்கும்படி வைத்து 100 டிகிரிக்கும் குறைவான சூட்டில் இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம். கொழுப்பு கொதிக்கக் கூடாது. எப்போதாவது ஒரு குமிழி எழுந்தால் போதும். கத்திமுனை தடையில்லாமல் இறங்கினால் ஆயிற்று. ஆறியதும் கொழுப்புக்குள்ளேயே குளிர்பெட்டியில் வையுங்கள். நிலவறை கதையை நம்பிச் சமையலறை மேடையில் விட்டுவிடாதீர்கள். காற்றுப் புகாத கொழுப்புக்குள் வளரக்கூடிய கிருமிகள் உண்டு.

நான்கு பேருக்கு வேண்டியவை

- உலர்ந்த வெள்ளை பீன்ஸ் 400 கிராம்
- வாத்துக் கோன்ஃபி கால் 2, இரண்டிரண்டாக வெட்டியது
- துலூஸ் சாசேஜ், தலா 80 கிராமில் 4 துண்டு
- பன்றியின் கணுக்கால், தோள் அல்லது வயிற்றுக்கறி, தலா 50 கிராமில் 4 துண்டு
- பன்றித்தோல் 250 கிராம்
- உப்பிட்ட பன்றிக்கொழுப்பு ஒரு சிறு துண்டு, அதில் பாதி எடைக்குப் பூண்டு
- சாற்றுக்குக் கோழி எலும்புக்கூடு அல்லது பன்றி எலும்பு, வெங்காயம், கேரட், மிளகு

துலூஸ் சாசேஜ் என்பது கொரகொரப்பாக நறுக்கிய பன்றிக்கறியில் உப்பும் மிளகும் மட்டும் சேர்த்து அடைத்தது. புகையூட்டியதையோ மசாலா சேர்த்ததையோ போட்டால் மொத்தச் சட்டியும் அந்த வாசனைதான் அடிக்கும். பட்டியலில் தக்காளி இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சில ஊர்களில் போடுவார்கள், இங்கே போடுவதில்லை. புளிப்பு சேர்ந்தால் பீன்ஸ் மெதுவாகத்தான் வேகும் என்பது இன்னொரு காரணம். இஞ்சி, மஞ்சள், பச்சை மிளகாய்க்குக் கை நீளும். நீளட்டும், திரும்பி வரட்டும்.

நான்காம் படி: ஊறல், முதல் கொதி

முதல் நாள் இரவே பீன்ஸைத் தாராளமான குளிர்ந்த நீரில் ஊறப்போடுங்கள். உப்புப் போட்டால் பீன்ஸ் வேகாது என்று இரு நாட்டுப் பாட்டிகளும் சொல்வார்கள். உண்மையில் ஊறும் நீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் தோல் மென்மையாகும். பகை நீரில் உள்ள சுண்ணாம்புதான். அது தோலை இறுக்கிவிடும். காஸ்தெல்நோதாரிக்காரர்கள் தங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசுவதில் இந்த அளவுக்கு அறிவியல் உண்டு. உங்கள் குழாய்நீர் கெட்டிலில் வெள்ளை படிய வைக்கும் ரகமென்றால், கால்சியம் குறைந்த பாட்டில் தண்ணீர் வாங்குங்கள். சோடா உப்பு வேண்டாம், தோல் கூழாகிவிடும்.

மறுநாள் ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, 3 லிட்டர் புது நீரில் பீன்ஸைக் கொதிக்க விடுங்கள். ஊர் முறையில் 5 நிமிடம். நான் 10 நிமிடம் விடுவேன்: இந்த இனப் பீன்ஸில் வயிற்றைக் கெடுக்கும் நச்சுப் புரதம் ஒன்று உண்டு, நல்ல கொதியில்தான் அது அழியும். ராஜ்மா போடுவதானால் இதைத் தவிர்க்கவே கூடாது. பிறகு அந்த நீரையும் கொட்டிவிடுங்கள்.

ஐந்தாம் படி: சாறு

இன்னொரு பாத்திரத்தில் 3 லிட்டர் நீர், அகலப் பட்டைகளாக வெட்டிய பன்றித்தோல், எலும்பு, வெங்காயம், கேரட், மிளகு. உப்பு மட்டும் கைகட்டிப் போடுங்கள். கோன்ஃபியும் சாசேஜும் உப்பிட்ட கொழுப்பும் பின்னால் வந்து தங்கள் பங்கை இறக்கும். ஒரு மணி நேரம் மெல்ல வெந்ததும் வடிகட்டி, தோலை மட்டும் எடுத்து வையுங்கள்.

தோலிலிருந்து இறங்கும் ஜெலட்டின் சாற்றைக் கனமாக்கி, உதட்டில் ஒட்டும் பதத்துக்குக் கொண்டுவரும். பீன்ஸின் மாவுச்சத்தோடு சேர்ந்து மேலே ஆடை கட்ட வைப்பதும் அதுதான். தோலைத் தவிர்த்துவிட்டு நல்ல கறியாக வாங்கிப் போட்டால் கிடைப்பது தண்ணீரில் மிதக்கும் பீன்ஸும் சாசேஜும்.

வடித்த சாற்றில் பீன்ஸைப் போட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம் சிறு தீயில். விரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும், தோல் மட்டும் கிழியக் கூடாது. குக்கரில் இரண்டு விசில் விட்டால் என்ன என்று கேட்பீர்கள். நேரம் மிச்சமாகும், கால்வாசி பீன்ஸ் வெடித்துவிடும். இன்னும் மூன்று மணி நேரம் ஓவனில் இருக்கப்போகிறது அது. முழுசாகப் போனால்தான் முழுசாக வரும்.

ஆறாம் படி: கறியை வறுப்பது

அகன்ற வாணலியில் கோன்ஃபித் துண்டுகளைக் குறைந்த தீயில் வைத்துக் கொழுப்பை இறங்க விட்டு எடுத்துவிடுங்கள். அதே கொழுப்பில் சாசேஜை எல்லாப் பக்கமும் பொன்னிறமாக்குங்கள். உள்ளே வேக வேண்டியதில்லை. பிறகு பன்றித் துண்டுகளை நன்றாகச் சிவக்க விடுங்கள்.

பீன்ஸை வடித்துச் சாற்றைச் சூடாகவே வையுங்கள். உப்பிட்ட கொழுப்பையும் பூண்டையும் உரலில் சேர்த்து இடித்துப் பீன்ஸில் கலக்குங்கள். மிக்சியில் அரைத்தால் பூண்டு காரமேறும், உரலே மேல்.

ஏழாம் படி: அடுக்குவது

சட்டியின் அடியில் பன்றித்தோலைப் பரப்புங்கள். அதன்மேல் மூன்றில் ஒரு பங்கு பீன்ஸ். அதன்மேல் வாத்தும் பன்றியும். மீதிப் பீன்ஸால் மூடி, சாசேஜ் துண்டுகளைப் பீன்ஸுக்குள் அழுத்தி, மேல்பக்கம் மட்டும் தெரியும்படி விடுங்கள். அந்த முதுகுதான் ஓவனில் சிவக்கும். சூடான சாற்றைப் பீன்ஸ் மட்டம் மறையும் அளவுக்கு ஊற்றி, மிளகைத் தூவி, ஒரு கரண்டி வாத்துக்கொழுப்பு. ரொட்டித்தூள் தூவும் பழக்கம் வேறு இடங்களில் உண்டு. இங்கே அது குறுக்குவழி என்று முகம் சுளிப்பார்கள், நானும் அவர்கள் பக்கம்தான்.

எட்டாம் படி: ஓவனும் ஆடையும்

150 முதல் 160 டிகிரி, 2 முதல் 3 மணி நேரம், மூடி இல்லாமல். முன்காலத்தில் ரொட்டி சுட்டு முடித்த அடுப்பின் தணிந்த சூட்டில் சட்டியை வைப்பார்கள். கருமலை என்று பொருள்படும் மோந்தாஞ் நுவார் மலையின் முட்புதர் விறகில் எரித்த அடுப்பு என்றால் இன்னும் விசேஷமாம்.

முதல் முக்கால் மணி நேரத்தில் மேலே பழுப்பாக ஓர் ஆடை கட்டும். அதைக் கரண்டியின் முதுகால் மெல்ல அழுத்தி உடைத்து உள்ளே அமிழ்த்துங்கள். கிளறக் கூடாது. உடைந்த இடத்தில் சாறு மேலேறி மறுபடி ஆடை கட்டும். மறுபடி உடைக்க வேண்டும். ஏழு முறை உடைக்க வேண்டும் என்பது பெரியவர்கள் வாக்கு. மூன்று மணி நேரத்துக்குள் நான்கைந்து முறைதான் முடியும், அதுவே போதும். ஒவ்வொரு முறையும் வறுபட்ட மேல்சுவை உள்ளே இறங்குகிறது. அது இருந்தால் வேறு மசாலா தேவைப்படாது. கடைசி ஆடையை உடைக்காமல் விடுங்கள், மேசைக்கு அப்படியே போக வேண்டும்.

மேல் பீன்ஸ் காயத் தொடங்கினால் ஓரமாக இரண்டு கரண்டி சூடான சாறு. தண்ணியாக இருந்தால் பதற வேண்டாம், ஆறும்போது இறுகும். நிறம் கருக்கப் பார்த்தால் சூட்டை 140-க்கு இறக்குங்கள்.

முதல் நாளே செய்து வைத்து மறுநாள் சாப்பிடுவது சிறப்பு. 150 டிகிரியில் கொஞ்சம் சாறோ நீரோ சேர்த்து, குறைந்தது ஒன்றரை மணி நேரம் மெல்லச் சூடாக்க வேண்டும். மைக்ரோவேவில் ஆடை சவசவவென்று ஆகிவிடும்.

மேசையில்

சட்டி கொதிக்கக் கொதிக்க வர வேண்டும், தட்டில் அலங்கரிக்கக் கூடாது. முன்னால் வினிகர் கலந்த பச்சிலைச் சாலட், கூடவே ரொட்டி. மது அருந்துபவர்களுக்குப் பக்கத்து நிலங்களின் சிவப்பு ஒயினே பொருத்தம்: கோர்பியேர், மினெர்வுவா, மல்பேர், கபார்தேஸ். மதியச் சாப்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்கு இதைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்க நினைப்பது தன்னம்பிக்கையின் உச்சம்.

பன்றி சாப்பிடாதவர்கள் கர்கசோன் பக்கம் சாயலாம். ஆட்டுத் தோள்கறி, வாத்துக் கோன்ஃபி, வாத்து அல்லது ஆட்டுச் சாசேஜ். பன்றித்தோலுக்குப் பதில் ஆட்டுக்கால். ஆட்டுக்கால் பாயா செய்தவர்களுக்கு அதன் பிசுபிசுப்பு தெரியும், சாற்றுக்குத் தேவையானது அதுவேதான். முழுச் சைவமாகச் செய்தால் நல்ல பீன்ஸ் வறுவல் கிடைக்கும். அதற்கு வேறு பெயர் வைத்துவிடலாம்.

நேரில் போனால்

காஸ்தெல்நோதாரியின் வாரச்சந்தை திங்கட்கிழமை காலை. உலர் பீன்ஸும் வாத்துச் சரக்கும் அங்கேயே வாங்கலாம். ஆகஸ்ட் கடைசியில் கசூலே திருவிழா. 1970-இல் தொடங்கிய கசூலே சபையினர் நீள அங்கியும் கசோல் வடிவத் தொப்பியும் அணிந்து ஊர்வலம் வருவார்கள். வேடிக்கையாகத் தோன்றும், அவர்கள் அதை மிகவும் தீவிரமாகச் செய்வார்கள்.

ஊரின் நடுவே மிதி (Canal du Midi) என்ற கால்வாய் விரிந்து 7 ஹெக்டேர் நீர்த்தேக்கமாகக் கிடக்கிறது. பியேர்-போல் ரிக்கே 1666-இல் தொடங்கிய கால்வாய் அது, 1681-இல் திறக்கப்பட்டது. திறப்புக்குச் சில மாதம் முன்பு அவர் இறந்துபோனார். 1996 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. கரையோரத்துப் பிளேன் மரங்கள் பூஞ்சை நோயால் 2006 முதல் வெட்டப்பட்டு வருவதால், பழைய படங்களில் பார்த்த நிழலை எல்லா இடத்திலும் எதிர்பார்க்காதீர்கள். கரையோடு மேற்கே போனால் மாஸ்-சாந்த்-புயேல் அருகில், கையால் கசோல் வனையும் குயவர் பட்டறை இருக்கிறது. சட்டி வாங்கினால் அதன் வாயகலத்தையும் உங்கள் ஓவனின் உள்ளளவையும் முதலில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் சட்டி பல வீட்டு ஓவனுக்குள் நுழையாது.

உணவகத்தில் உட்காருமுன் ஒரே ஒரு கேள்வி போதும்: கசோலில் வருமா, எவ்வளவு நேரம் ஓவனில் இருந்தது? ஆர்டர் கொடுத்த பத்தாவது நிமிடம் ஆடையில்லாத பீன்ஸ் தட்டில் வந்தால், அது டின்னிலிருந்து வந்தது என்று நினைத்துக்கொள்ளலாம்.